கடல் விலாங்கு: ஒரு பெயரின் பொருளும் வழக்கும்

தமிழ் அகராதிகளில் மீன்பெயர்களுக்கு எழுதப்பட்டுள்ள பொருள், அந்த மீனை முன்பே அறிந்தவருக்குத் தேவையற்றதாகவும் அறியாதவருக்குப் பயனற்றதாகவும் பல இடங்களில் அமைந்துவிட்டது. ‘ஓர் மீன்’, ‘மீன்வகை’ என்னும் சுருக்க விளக்கங்கள் நிகண்டுகளின் காலத்திலிருந்து 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதி போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொகுப்புகளுக்கும், அவற்றின் வழியே சென்னைப் பல்கலைக்கழகம் 1924 தொடக்கம் வெளியிட்ட பேரகராதிக்கும் கைமாறி வந்துள்ளன. உடலமைப்பாலும் வாழ்க்கைமுறையாலும் மற்ற மீன்களிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் விலாங்கினத்தின் பெயர்களை ஆராயும்போது இந்தச் சுருக்கத்தின் குறை தெளிவாகத் தெரிகிறது. அதிலும் கடலில் வாழும் பெரிய விலாங்குக்குத் தமிழில் வழங்கும் பெயர் எது, அந்தப் பெயர் உண்மையில் எந்த உயிரைக் குறிக்கிறது என்னும் கேள்விக்கு அகராதியைவிடக் கரையோரமே கூடுதலாக விடை தரக்கூடும்.

அத்தகைய ஆய்வுக்கு முல்லைத்தீவு பொருத்தமான களம். ஏறத்தாழ 70 கிலோமீற்றர் நீளும் இம்மாவட்டக் கரையில் சாலை, நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் எனக் களப்புகள் வரிசையாக அமைந்துள்ளன. களப்பு என்பது மணற்றிட்டு ஒன்றினால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, குறுகிய வாய் ஒன்றின் வழியே அதனோடு தொடர்புகொள்ளும் ஆழமற்ற உவர்நீர்ப்பரப்பு. களப்புகளுக்கு மேற்கே முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு முதலிய பெருங்குளங்களும் அவற்றை நம்பிய வயல்களும் கிடக்கின்றன. நன்னீர், உவர்நீர், கடல்நீர் ஆகிய மூன்றிலும் மீன்பிடிக்கும் மக்கள் ஒருவருக்கொருவர் சில மணிநேர நடைதூரத்தில் வாழும் இப்பகுதியில், ஒரே பெயர் மூன்று நீர்களிலும் எவ்வாறு வழங்குகிறது என்பதை ஒப்புநோக்குவது எளிது.

பாம்புபோல் நீண்ட மீன்களுக்குத் தமிழில் ஆரல், மலங்கு, விலாங்கு என மூன்று பழகிய பெயர்கள் உண்டு. ஆரல் சங்க நூல்களில் பலமுறை வருவது. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் நாரை, ஓடும் நீரில் ஆரலுக்காகவே காத்து நிற்கிறது. கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்கும் ஆரல் என்னும் பெயர் இருந்தது என்பதை இவ்விடத்தில் நினைவிற்கொள்ளலாம். இன்று ஆரல் எனப்படும் நன்னீர் மீன், முதுகில் சிறு முட்களின் வரிசையும் கூரிய மூக்கும் உடையது. வடிவில் விலாங்கை ஒத்திருந்தும், உயிரியல் வகைப்பாட்டின்படி அது விலாங்கின் வரிசையைச் சேர்ந்ததன்று. மலங்கு புறநானூற்றின் 61ஆம் பாடலில், உழவர் மகளிர் களை பறிக்கும் வயற்சேற்றில் பிறழ்கிறது. அகராதிகள் இதனை விலாங்கு என்றே விளக்குகின்றன; மலையாளத்தில் விலாங்குக்கு வழங்கும் மலஞ்ஞில் என்னும் பெயர் இதனோடு உறவுடையது. மலங்குதல் என்னும் வினைக்குக் கலங்குதல் என்னும் பொருள் இருப்பதாலும், ‘மலங்க மலங்க விழித்தல்’ என்னும் தொடர் இன்றும் பேச்சில் இருப்பதாலும், சேற்றைக் கலக்கும் மீன் ஆதலின் இப்பெயர் வந்தது என்று சொல்லத் தோன்றும். ஒலியொப்புமையை மட்டும் நம்பிக் கட்டப்படும் வேர்ச்சொல் விளக்கங்கள் எவ்வளவு இனிமையானவையோ அவ்வளவு வழுக்கலானவை என்பதால், அதனை ஒரு வாய்ப்பு என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை. விலாங்கை விலங்கோடு இணைப்பதும் இத்தகையதே. குறுக்காதல் என்னும் பொருளுடைய விலங்கு, நிலத்துக்குக் கிடையாக உடல் அமைந்த உயிர்களைக் குறித்தது என்பர். நெடில் கெட்டு ‘விலங்கு மீன்’ என்று எழுதுவது இன்றைய அச்சில் அவ்வப்போது நேரும் பிழையாகும்.

இலக்கியச் சான்றுகளில் கவனிக்கத்தக்கது, இவற்றின் இடம். ஆரல் ஓடைநீரிலும் மலங்கு வயலிலும் காணப்படுகின்றன. இரண்டும் உள்நாட்டு நீரின் மீன்களாகவே அங்கு வருகின்றன. சுறாவும் இறாவும் அயிலையும் நெய்தல் பாடல்களில் தாராளமாக நீந்தியிருக்க, பாம்புருவ மீன்கள் பெரும்பாலும் நன்னீரோடு இணைத்துப் பேசப்பட்டிருப்பது தற்செயல் என்று தள்ளிவிடக்கூடியதன்று. இந்தப் பெயர்கள் உள்நாட்டு நீரில் முதலில் வேர்கொண்டு, பின்னரே கடலுக்கு நீட்டப்பட்டன என்ற ஊகத்துக்கு இது ஒரு தொடக்கம். இன்றைய வழக்கும் அதற்கே துணைநிற்கிறது. குளத்தில் பிடிபடுவதை விலாங்கு என்று அடைமொழியின்றிச் சொல்வதும், கடலில் பிடிபடுவதை வேறுபடுத்த வேண்டிய இடத்தில் கடல் விலாங்கு என்று அடைகொடுத்துச் சொல்வதும் தமிழில் இயல்பாக உள்ளன. அடைமொழி பெறுவதே பின்வந்த பொருள் என்பது சொல்லாய்வின் பழகிய விதி.

பெயர் இவ்வாறு நீண்டதற்கு மீனின் வாழ்க்கையும் ஒரு காரணமாகலாம். இலங்கையின் குளங்களிலும் ஆறுகளிலும் இருவகை நன்னீர் விலாங்குகள் வாழ்கின்றன. ஒன்று அங்குவில்லா பைகலர், மற்றது புள்ளிகளுடைய அங்குவில்லா பெங்காலென்சிஸ். இவை நன்னீரில் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடுவதற்குக் கடலுக்குச் செல்பவை. ஆற்றில் பிறந்து கடலில் வளரும் சால்மனின் வாழ்க்கையைத் தலைகீழாக்கியது போன்றது இது. வாடைக்காற்றோடு வரும் மாரிமழையில் குளங்கள் நிரம்பி வான் பாயும்போது, அதாவது கலிங்கின் வழியே மிகைநீர் வெளியேறும்போது, அந்த நீர் ஆறுகளின் வழியே களப்பை அடைகிறது; களப்பின் நீர்மட்டம் உயர்ந்ததும் மணற்றிட்டு தானாக உடைகிறது, அல்லது ஊரவர் அதனை வெட்டிவிடுகின்றனர். வட்டுவாகலில் நந்திக்கடல் கடலோடு கலப்பது இவ்வாறே. களப்பு கடலைத் தொடும் இந்த வாய்க்குத் தொடுவாய் என்னும் அழகிய பெயர் உண்டு. கொக்குத்தொடுவாய் என்னும் ஊர்ப்பெயரில் அது நிலைத்துவிட்டது. வளர்ந்த விலாங்குக்குக் கடலுக்குச் செல்லவும், கடலிலிருந்து வரும் கண்ணாடி போன்ற குஞ்சுகளுக்கு உள்நுழையவும் திறக்கும் வாசலும் இதுவே. ஈரமான நிலத்தில் இரவுவேளையில் ஊர்ந்து தடைகளைக் கடக்கும் ஆற்றல் விலாங்குக்கு உண்டு. அதன் தோல் வழியாகவும் மூச்சுவாங்கல் நடைபெறுவதே காரணம். குளத்தில் கண்ட உயிரையே களப்பிலும், சில பருவங்களில் தொடுவாயிலும் காணும் மக்கள், மூன்றுக்கும் ஒரே பெயரைக் கொடுத்திருப்பதில் வியப்பில்லை.

ஆயினும் கடலில் கிடைக்கும் பெரிய விலாங்குகள் குளத்திலிருந்து சென்றவை அல்ல. அவை வாழ்நாள் முழுவதும் கடலிலும் கழிமுகத்திலும் கழிக்கும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. விலாங்கு வரிசையில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் உள்ளன. அவற்றில் நன்னீரில் வளர்பவை இருபதளவே. இக்கரையோடு தொடர்புடைய பெரியவை மூன்று தொகுதிகளில் அடங்கும். முதலாவது, சேற்று நிலத்தில் வாழும் முரேனசாக்ஸ், கொங்கிரசாக்ஸ் ஆகிய பேரினங்கள். நீண்ட மூக்கும், மேல்வாயின் நடுவே கத்தி வரிசைபோல் நிற்கும் பற்களும், மார்புத் துடுப்பும் உடைய இவை இரண்டு மீற்றரையும் தாண்டி வளரக்கூடியவை. பகலில் சேற்றில் புதைந்து கிடந்து இரவில் இரைதேடும் இவை, ஆழத்தூண்டிலிலும் அடிவலையிலும் சிக்குகின்றன. கடலடியை வாரிக்கொண்டு செல்லும் இழுவைமடியிலும் இவை அகப்படுகின்றன. இரண்டாவது, பார் இடுக்குகளில் வாழும் அஞ்சாலை. பார் என்பது கடலடியில் உள்ள கற்பாறை அல்லது பவளத்திட்டு. முத்துக்குளிப்பின் முத்துப்பாரும் இச்சொல்லே. அஞ்சாலைக்கு மார்புத் துடுப்பு கிடையாது. தடித்த தோலும் எப்போதும் சற்றுத் திறந்த வாயும் அதன் அடையாளங்கள். வாயைத் திறப்பது மிரட்டுவதற்கு என்று பலர் எண்ணினாலும், செவுளுக்கு நீரைச் செலுத்துவதற்கே அது அவ்வாறு செய்கிறது. இதன் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று இருந்து, முன்தாடை கவ்விய இரையை எட்டிப் பிடித்து உள்ளே இழுக்கிறது என்பது 2007இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவரால் விளக்கப்பட்டது. மூன்றாவது தொகுதி, மணலில் வளைதோண்டும் பாம்பு விலாங்குகள்.

நீளத்தில் இவை அனைத்தையும் விஞ்சுவது, சேற்றுக் கழிமுகங்களில் வாழும் ஒல்லியான அஞ்சாலை இனமொன்று. கங்கைக் கழிமுகத்திலிருந்து இயற்கையியலாளர் பிரான்சிஸ் ஹமில்ற்றன் 1822இல் விவரித்த இவ்வினத்தின் ஒரு மீன், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1927இல் பிடிபட்டபோது 3.94 மீற்றர் நீளமாக இருந்தது.

அஞ்சாலை என்ற பெயர் மேற்சொன்ன விதிக்கு விலக்காக நிற்பது குறிப்பிடத்தக்கது. விலாங்கு என்பதோடு அடைசேர்த்துச் சொல்லப்படாமல், அஞ்சாளை என்னும் திரிபுடன், கடலுக்கே உரிய தனிப்பெயராக அது வழங்குகிறது. பாரில் கூடு வைப்போரும் குளியாளிகளும் சிங்கிறால் தேடிக் கல்லிடுக்கில் கைவிடுவோரும் இந்த மீனைப் பிறவற்றிலிருந்து உடனே பிரித்தறிய வேண்டியவர்கள். அதன் கடி ஆழமானது, பின்வளைந்த பற்களிலிருந்து விரலை மீட்பது அரிது. ஆபத்து தனிப்பெயரைத் தோற்றுவிக்கும் என்று பொதுவிதி வகுக்க முடியாவிட்டாலும், சேற்று விலாங்கு அடைமொழியோடு நின்றுவிட, பார் விலாங்கு தனிப்பெயர் பெற்றதற்கு இதைவிட நல்ல விளக்கம் எளிதில் கிடைப்பதில்லை.

விலாங்கின் பொருள் வரலாற்றில் மிகுந்த செல்வாக்குடையது ஒரு பழமொழி. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்பது, இரு தரப்புக்கும் நல்லவராக நடந்து எத்தரப்புக்கும் உண்மையாக இராதவரைக் குறிக்கிறது. ஈழத்துப் பத்திரிகைகளின் அரசியல் பத்திகளில் விலாங்கு என்ற சொல், மீனைக் குறித்து வருவதைவிட இப்பொருளில் வருவதே அதிகம் எனலாம். மீனை வாழ்நாளில் கண்டிராத வாசகரும் இச்சொல்லைத் தயக்கமின்றிப் புரிந்துகொள்கின்றனர். உவமேயம் உவமையை விழுங்கிய நிலை இது.

ஆனால் அப்பழமொழி வெறும் கற்பனையன்று. அது கூர்மையான உடற்கூற்று அவதானம். விலாங்கின் செவுள்மூடி மற்ற மீன்களில் இருப்பதுபோல் வெளிப்படையாகத் தெரியாமல் தோலுக்கடியில் மறைந்து, ஒரு சிறு பிளவு மட்டுமே வெளியே தெரிவதால், முன்னிருந்து பார்க்கும்போது தலை பாம்பினுடையதாகவே தோன்றுகிறது. பின்புறத்திலோ முதுகுத் துடுப்பு, வால் துடுப்பு, அடித் துடுப்பு ஆகிய மூன்றும் ஒரே விளிம்பாக இணைந்து தட்டையான வாலைச் சூழ்ந்திருப்பதால், அங்கே அது ஐயத்துக்கிடமின்றி மீன். தலையையும் வாலையும் தனித்தனியே பார்த்து இருவேறு முடிவுக்கு வரமுடிகின்ற உயிர் என்பதே பழமொழியின் கரு.

இந்த அவதானம் செல்லுபடியாகும் இடம் எது என்று கேட்டால், விடை மீண்டும் நன்னீர்க்கரைக்கே அழைத்துச் செல்கிறது. நீர்ச்சாரையும் சாரையும் தரைப்பாம்புகளும் உருண்டு மெலிந்த வாலுடையவை. ஆகவே குளத்திலும் வயலிலும் வாலைப் பார்த்தாலே பாம்பையும் மீனையும் பிரித்துவிடலாம். கடலில் இந்தச் சோதனை பலிக்காது. கடற்பாம்பின் வால் துடுப்புப்போல் பக்கவாட்டில் தட்டையானது. அங்கே பாம்பே மீனுக்கு வாலைக் காட்டுகிறது. கரைவலையின் மடியில் கடற்பாம்பும் விலாங்கும் ஒன்றாகக் கிடக்கையில், வாலை நம்பிக் கைவைப்பவர் ஏமாறக்கூடும். செதிலும் மூக்குத்துளையும் செவுட்பிளவுமே நம்பத்தக்க அடையாளங்கள். கடற்பாம்புக்குச் செதில் உண்டு, மூச்சுவிட அது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். விலாங்குக்கு வெளித்தெரியும் செதில் கிடையாது, வழவழப்பான கோழையே அதன் போர்வை. கடல் இந்தக் குழப்பத்தை இன்னும் ஒருபடி மேலே கொண்டுசெல்கிறது. இந்து-பசிபிக் பகுதியின் பாம்பு விலாங்கு ஒன்று கறுப்பும் வெண்மையுமான வளையங்களோடு நச்சுடைய கடற்பாம்பொன்றின் தோற்றத்தையே பூண்டிருக்கிறது. அதன் இனப்பெயரான கொலுப்ரினஸ் என்பதற்கே பாம்பையொத்தது என்று பொருள். மணலைப் பின்னோக்கித் துளைப்பதற்கேற்பத் துடுப்பற்ற கூர்வாலும் அதற்கு அமைந்துள்ளது. தலையும் வாலும் இரண்டுமே பாம்புக்குரியவையாக, மீனுக்குக் காட்ட எதுவும் எஞ்சாத விலாங்கு அது. பழமொழி கடற்கரையில் பிறந்திருந்தால் வேறுவிதமாகவே அமைந்திருக்கும். எனவே இலக்கியச் சான்றும் அடைமொழி வழக்கும் சுட்டிய முடிவைப் பழமொழியும் உறுதிசெய்கிறது: விலாங்கு உள்நாட்டு நீரின் சொல், கடலில் அது குடியேறியது.

குளத்து மீனின் பெயரே கடல்மீனுக்கும் வழங்கும் இந்த நிலையைச் சொல்வளக் குறைவு என்று கருதத் தேவையில்லை. யப்பானிய மொழியில் நன்னீர் விலாங்குக்கு உனகி, கொங்கர் வகைக்கு அனகோ, சேற்றுக்கடல் விலாங்குக்கு ஹமோ, அஞ்சாலைக்கு உத்சுபோ என நான்கு தனிப்பெயர்கள் உள்ளன. காரணம் அங்கு ஒவ்வொன்றும் தனி உணவு, தனி விலை, தனிப் பருவம். கியோத்தோ நகரில் யூலை மாதத்து கியொன் திருவிழாவின் சிறப்புணவே ஹமோதான். அதன் சதையெங்கும் ஊசிபோல் பரவிய முட்களைப் பிடுங்க முடியாது என்பதால், தோலை அறுக்காமல் சதையை மட்டும் மயிரிழை இடைவெளியில் வெட்டி முட்களை நறுக்கும் தனிக்கலை வளர்ந்துள்ளது. முல்லைத்தீவுக் கடலில் அத்தகைய தனிமதிப்பு அறக்குளாவுக்கும் பாரைக்கும் இறாலுக்கும் உரியது. விலாங்கு சந்தைக்கு நடுவே வருவதில்லை. பாம்பை நினைவூட்டுவதாலேயே அதனைச் சமைக்காத வீடுகளும், நெய்ப்பிடிப்பான சதைக்காக அதனை விரும்பும் வீடுகளும் அருகருகே உள்ளன. பெரிய சேற்று விலாங்கின் காற்றுப்பை மட்டும் வேறு கதை. மீன் நீரில் மிதப்பைச் சரிசெய்துகொள்ள உதவும் இவ்வுறுப்பு, உலர்த்தப்பட்டுச் சீனச் சமையலுக்காகக் கிழக்காசியச் சந்தைகளில் நல்ல விலைபோகிறது. தமிழகக் கரைகளில் மீனின் காற்றுப்பைக்கு நெட்டி என்று பெயர்.

மேலைமொழிகளிலும் இம்மீன் பாம்பின் நிழலிலிருந்து தப்பவில்லை. விலாங்குக்கான இலத்தீன் பெயரான அங்குவில்லா, பாம்பைக் குறிக்கும் அங்குவிஸ் என்பதன் சிறுமை வடிவம்; குட்டிப்பாம்பு என்பதே அதன் சொற்பொருள். கடலின் பெரிய விலாங்குக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொங்கர் கிரேக்கத்தின் கொங்ரோஸ் என்பதிலிருந்து இலத்தீன் வழியே வந்தது. அஞ்சாலைக்கான மொரே என்னும் பெயர் போர்த்துக்கேயரின் மொறேயா. கடல் விலாங்கை மொழிபெயர்ப்பதில் உள்ள ஒரு சிக்கல் இங்கே எழுகிறது. ஆங்கில நூல்களின் கொங்கர் என்பது பெரும்பாலும் வடகிழக்கு அத்திலாந்திக்கிலும் மத்தியதரைக் கடலிலும் வாழும், மூன்று மீற்றர் வரை வளரும் இனம். அதனைத் தமிழில் கடல் விலாங்கு என்று எழுதுவது பிழையன்று; ஆனால் முல்லைத்தீவு வாசகர் அச்சொல்லால் நினைப்பது சேற்றில் வாழும் முரேனசாக்ஸை; அது குடும்பத்தாலேயே வேறானது. அத்திலாந்திக் கொங்கரின் நெருங்கிய உறவான கொங்கர் சினரியஸ் இந்துசமுத்திரப் பார்களில் உண்டென்றாலும், அளவில் அது சிறியது.

கரையோரச் சொல் அறிவியலுக்குள் நுழைந்த ஒரு நிகழ்ச்சியும் இக்கதையில் உண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் கொறமண்டல் கரையில் இருந்த மருத்துவர் பற்றிக் றசல், விசாகப்பட்டினத்தில் திரட்டிய இருநூறு மீன்களின் விவரங்களையும் படங்களையும் 1803இல் வெளியிட்டபோது, அவற்றுக்கு உள்ளூர்ப் பெயர்களையே தலைப்பாக இட்டார். அவற்றுள் ஒரு பெரிய கடல் விலாங்கின் பெயர் தலபோன். பின்னர் பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே அதனையே அறிவியற் பெயரின் பகுதியாக ஏற்றுக்கொண்டதால், இன்றும் அம்மீன் கொங்கிரசாக்ஸ் தலபோன் என உலகெங்கும் அறியப்படுகிறது. அதனையொத்த இன்னொன்று தலபோனை ஒத்தது என்னும் பொருளில் தலபோனாய்டிஸ் எனப்படுகிறது. பெயரைச் சொன்ன மீனவர் எவரென்று எங்கும் எழுதப்படவில்லை. அவர் வாயிலிருந்து வந்த சொல் இருநூறு ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. இதே றசல்தான் அதற்குமுன் 1796இல் கொறமண்டல் கரையின் பாம்புகளைப் பற்றியும் நூல் எழுதியவர். முல்லைத்தீவு அடங்கிய வன்னியில் புடையன் எனப்படும் நச்சுப்பாம்பு ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே வழங்குகிறது. பாம்பையும் விலாங்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த அவர், ஒன்றை மற்றதன் பெயரால் அழைக்காமல் கரையில் கேட்டதை எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தமிழ் அகராதிகள் ‘ஓர் மீன்’ என்று எழுதிக்கொண்டிருந்தன.

முல்லைத்தீவில் இச்சொற்கள் இன்று வேறொரு சூழலில் உள்ளன. நாயாற்றிலும் கொக்கிளாயிலும் பருவகாலத்தில் வாடி அமைக்கும் மேற்குக்கரை மீனவரின் சிங்களத்தில் விலாங்கு ஆந்தா எனப்படுகிறது. ஒரே கரையில் இரு பெயர்களும் காதில் விழுகின்றன. 2004 ஆழிப்பேரலையும் 2009 வரையான போரும் கரையோரக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் கடலிலிருந்து பிரித்துவைத்தன. மீன்பெயர் என்பது மீனைக் கையில் பிடித்துக் காட்டிக் கற்பிக்கப்படுவது. வலையைத் தட்டும் வேளையில் பெரியவர் சொல்லச் சிறுவர் கேட்பது. முகாமில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அறக்குளாவின் பெயர் சந்தையிலாவது கிடைத்திருக்கும். சந்தைக்கு அரிதாக வரும் அஞ்சாலையின் பெயர் கிடைக்க வழியில்லை. பழமொழியின் விலாங்கோ பாடநூலிலும் பத்திரிகையிலும் பத்திரமாக இருக்கிறது. களப்பின் வாய் வெட்டப்படும் மாரிநாட்களில் வட்டுவாகலில் வலைவீசுவோரின் கையில் சிக்கி வழுக்கும் உயிருக்கும் அந்தச் சொல்லுக்கும் இடையிலுள்ள தொடர்பே நூலேறாமல் இருப்பது. எந்த விலாங்கு குளத்திலிருந்து இறங்கியது, எது சேற்றுக்கடலிலிருந்து ஏறியது என்பதை மூக்கின் நீளத்தையும் வாயின் நடுப்பல்லையும் பார்த்துச் சொல்லிவிடலாம். அப்பல்லைப் பார்க்க வாயைத் திறக்கும் முன் தலையைச் சாக்கால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.